வளாகத்து மழைநீரை எங்கே விடுவது? டர்பன் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டர்பனின் வெஸ்ட்வில் மேட்டில் இருக்கும் குவாசுலு-நடால் பல்கலைக்கழக வளாகத்தில் விழும் மழையில் பெரும்பங்கு பால்மியட் ஆற்றுக்குப் போகிறது. பால்மியட், குவாரி ரோட் வெஸ்ட் குடிசைப் பகுதியை ஒட்டி ஓடி உம்கேனியில் கலக்கிறது. உம்கேனி ஸ்பிரிங்ஃபீல்ட் தாழ்நிலத்தைத் தாண்டிக் கடலைச் சேர்கிறது. இந்தப் பாதை நம் குடும்பங்களுக்குப் புதிதில்லை. ஸ்பிரிங்ஃபீல்டில் காய்கறி பயிரிட்டுப் பிழைத்த இந்தியர்கள் 1917 அக்டோபர் வெள்ளத்தில் நூற்றுக்கணக்கில் அடித்துச் செல்லப்பட்டார்கள். படவட்டான் அறுவர் என்று இன்றும் பேசப்படும் மீனவர்கள் ஆறு பேர் தங்கள் படகைக் கொண்டுபோய் 176 பேரைக் கரைசேர்த்தார்கள். 1976இல் அதே தாழ்நிலத்தின் டின் டவுன் குடியிருப்பு மறுபடி மூழ்கியது. அங்கிருந்து வெளியேறியவர்கள் டர்பனின் வடக்கே உள்ள பீனிக்ஸ் பகுதியின் முதல் குடியிருப்பாளர்களில் சேர்ந்தார்கள். 2022 ஏப்ரலில் சில மழைமானிகள் ஒரே நாளில் 300 மில்லிமீட்டரைத் தாண்டின. மாகாணம் முழுவதும் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குவாரி ரோட் வெஸ்டில் ஆற்றங்கரை வீடுகள் போயின.

வளாகத்தில் மழைத்தோட்டம் (ஓடிவரும் மழைநீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கும், செடி நட்ட தாழ்வான படுகை) போட நினைக்கும் மாணவர்களுக்கு இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், மழைநீரை மண்ணாலும் செடியாலும் பிடிக்கும் பசுமைக் கட்டமைப்பின் வடிவமைப்பு என்றதும் எல்லோரும் அழகான நடுமுற்றத்தைப் பார்க்கிறார்கள், பூச்செடிப் படத்தைக் கணினியில் வரைகிறார்கள். நமக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால் இடம், அளவு, செடி, பராமரிப்பு எல்லாவற்றுக்கும் பதில் தெளிவாக வரும்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2012 முதல் கேம்பஸ் ரெயின்வொர்க்ஸ் என்ற மாணவர் போட்டியை நடத்தத் தொடங்கியது. தங்கள் வளாகத்து மழைநீரைக் கையாளப் பசுமைக் கட்டமைப்பை மாணவர் அணிகள் வடிவமைக்க வேண்டும். முழு வளாகத்துக்கான பெருந்திட்டம் ஒரு பிரிவு, ஓரிடத்தில் கட்டிக் காட்டக்கூடிய மாதிரித் திட்டம் இன்னொரு பிரிவு. வரைபடப் பலகை, திட்ட விளக்கம், சிறிய காணொளி ஆகியவற்றைச் சமர்ப்பிப்பார்கள். அது அமெரிக்கக் கல்லூரிகளுக்கானது, நாம் சேர முடியாது. ஆனால் அந்தச் சட்டகம் நல்லது, நம் இறுதியாண்டுத் திட்டத்துக்கோ மாணவர் சங்க முயற்சிக்கோ அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். அங்குள்ள பல பழைய நகரங்களில் கழிவுநீரும் மழைநீரும் ஒரே குழாயில் போகின்றன. அது நிரம்பி வழிவதைத் தடுப்பதே அவர்களுடைய பல திட்டங்களின் நோக்கம். தென்னாப்பிரிக்காவில் இரண்டும் தனித்தனிக் குழாய்கள். நம் கார் நிறுத்துமிடத்தில் விழும் மழை எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் எண்ணெய், டயர் துகள், பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நேரே ஆற்றுக்குப் போகிறது. அதனால் அவர்களுடைய நூல்களிலிருந்து கணக்கை எடுங்கள், காரணங்களை இங்கிருந்து எடுங்கள். இங்கேயே கைக்கு நல்ல ஆதாரம் உண்டு. நிலைத்த வடிகால் முறைகளுக்கான தென்னாப்பிரிக்க வழிகாட்டியைக் கேப் டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுத, நீர் ஆராய்ச்சி ஆணையம் 2013இல் வெளியிட்டது. இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் அதைப் படியுங்கள்.

அணியும் காலமும்

சிவில் பொறியியல் மாணவர்கள் மட்டும் சேர்ந்தால் குழாய் வரைவார்கள், கட்டடக்கலை மாணவர்கள் மட்டும் சேர்ந்தால் படம் வரைவார்கள். தாவரவியல் படித்த ஒருவரும், ஜூலு நன்றாகப் பேசும் ஒருவரும், கணக்குவழக்கு பார்க்கும் ஒருவரும் அணியில் இருக்கட்டும். நான்கைந்து பேர் போதும்.

நம் கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்குவது இந்த வேலைக்கு நல்ல வசதி. டர்பனில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1000 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் மார்ச் வரை. ஆகவே பிப்ரவரி, மார்ச்சில் மழையைப் பார்த்துவிட வேண்டும். ஏப்ரலில் மண் சோதனை, மே முதல் ஜூலை வரை கணக்கும் வரைபடமும், ஆகஸ்ட், செப்டம்பரில் தோண்டி நடுவது, அக்டோபர் மழைக்குத் தயார். பிப்ரவரியைத் தவறவிட்டால் மழையைப் பார்க்காமலேயே வடிவமைக்க வேண்டியிருக்கும். அப்படி வரைந்த திட்டம் தாளில் நன்றாக இருக்கும், தரையில் தண்ணீர் வேறு பக்கம் போகும்.

மழையில் நடங்கள்

முழு வேலையிலும் முக்கியமான படி இதுதான். நல்ல மழை பிடிக்கும்போது குடையும் போனும் எடுத்துக்கொண்டு வளாகத்தைச் சுற்றி நடங்கள். இடியும் மின்னலும் இருந்தால் வேண்டாம், பெருகி ஓடும் ஓடைக்குப் பக்கத்திலும் போகாதீர்கள்.

கூரைக் குழாய் எங்கே வாய் திறக்கிறது? அந்த நீர் புல்லில் விழுகிறதா, சிமெண்டில் விழுகிறதா? சாலையில் ஓடும் நீர் எந்த விளிம்புக்கல்லை ஒட்டிப் போகிறது, எந்த வடிகால் வாயில் இறங்குகிறது? எந்த வாய் இலையால் அடைபட்டு நீர் அதைத் தாண்டிப் போகிறது? எங்கே நிறம் மாறிச் செம்மண் கலந்து ஓடுகிறது? செம்மண் தெரிந்தால் அதற்கு மேலே எங்கோ கரை அரிக்கிறது என்று பொருள். நீரோட்டத்தை எதிர்த்து மேலே ஏறிப் போங்கள், கண்டுபிடிக்கலாம். ஒவ்வொன்றையும் படம் எடுங்கள், நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மழை நின்ற பிறகும் ஒருமுறை போய், எங்கே குளம்போல் தேங்கி நிற்கிறது, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பாருங்கள்.

பிறகு வரைபடம். மாநகராட்சியின் இணைய வரைபடத்தில் வான்படமும் உயரக் கோடுகளும் உண்டு. அதை கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் ஏற்றி, ஒவ்வொரு வடிகால் வாய்க்கும் எவ்வளவு பரப்பிலிருந்து நீர் வருகிறது என்று எல்லை போடுங்கள். வரைபடத்து எல்லையும் மழையில் கண்ட எல்லையும் பெரும்பாலும் ஒத்துவராது. ஒரு வேகத்தடையோ பாதி உடைந்த விளிம்புக்கல்லோ நீரைத் திருப்பிவிடும். கண்ணால் கண்டதை நம்புங்கள்.

அப்புறம் வளாகத்துக்கு வெளியேயும் போங்கள். நீர் வெளியேறும் குழாயின் வாயைத் தேடி, அங்கிருந்து ஆறுவரை பாதையைத் தொடருங்கள். கீழே குடியிருப்பவர்களோடு பேச வாய்ப்பிருந்தால் பேசுங்கள். ஆனால் அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் குழுவோடோ ஆசிரியரோடோ போங்கள். பால்மியட் படுகையில் மாநகராட்சி, பல்கலைக்கழகம், மக்கள் மூவரும் சேர்ந்த சீரமைப்பு வேலை பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. எந்த மழைக்கு எவ்வளவு நேரத்தில் ஆறு ஏறுகிறது என்று கரையில் இருப்பவர்களைப்போல வேறு யாருக்கும் தெரியாது. ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். உங்கள் தோட்டம் அவர்களை வெள்ளத்திலிருந்து காப்பாற்றும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அது ஏன் என்று கணக்குப் பகுதியில் பார்ப்போம்.

தோட்டக்காரரிடம் கேளுங்கள்

வளாகத்தின் மழைநீரைப் பற்றி அதிகம் அறிந்தவர்கள் புல் வெட்டுபவர்களும் வடிகால் சுத்தம் செய்பவர்களும்தான். இருபது வருடம் அதே சரிவில் வேலை செய்த ஒரு பாபாவுக்கு (மூத்த ஆண்களை ஜூலுவில் மரியாதையாக அப்படித்தான் அழைப்பார்கள்) எந்த மேன்ஹோல் மூடி மழையில் தூக்கிக்கொள்ளும், எந்த மூலையில் புல் ஒருபோதும் காயாது என்று தெரியும். மரியாதையோடு வணக்கம் சொல்லி, அவருடைய இடைவேளை பார்த்துப் போய்க் கேளுங்கள். உங்கள் வரைபடத்தின் ஒரு அச்சை எடுத்துப்போய் அவரையே குறிக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் மூன்று, நான்கு ஆண்டில் பட்டம் வாங்கிப் போய்விடுவீர்கள். தோட்டம் அவர்கள் கையில்தான் இருக்கும். வடிவமைக்கும்போது கேட்கப்படாதவரிடம் பிறகு போய் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது நியாயமில்லை. அவர்களிடம் எந்தக் கருவி இருக்கிறது, புல்வெட்டும் வண்டி எவ்வளவு குறுகிய இடத்தில் திரும்பும், வாரத்தில் எத்தனை மணி நேரம் கூடுதலாகக் கொடுக்க முடியும் என்பதும் வடிவமைப்புத் தகவல்தான்.

வளாகச் சொத்து மேலாண்மை அலுவலகத்தையும் ஆரம்பத்திலேயே பாருங்கள். நிலத்தடிக் குழாய், மின்கம்பி, இணையக் கம்பி ஆகியவற்றின் வரைபடம் அவர்களிடம்தான் கிடைக்கும். அது இல்லாமல் மண்வெட்டியைத் தொடக்கூடாது.

இடம் தேர்வு

முதல் திட்டத்தை ஆற்றங்கரையிலோ ஈரநிலத்திலோ வைக்காதீர்கள். அங்கே வேலை செய்ய 1998ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டப்படி அனுமதி தேவைப்படும், மாணவர் திட்டத்தின் காலத்துக்குள் அது முடியாது. மேட்டில், நீர் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் பிடிப்பதுதான் எப்படியும் நல்லது. ஒரு கார் நிறுத்துமிடமும் அதன் கீழ் விளிம்பில் கொஞ்சம் புல்தரையும் இருந்தால் அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

கட்டட அடித்தளத்திலிருந்து குறைந்தது ஐந்து மீட்டர் தள்ளியிருக்கட்டும். பெரிய மரத்தின் வேர்ப்பரப்பைத் தோண்டாதீர்கள். சரிவு நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேல் போனால் நீரை மண்ணுக்குள் இறக்கும் யோசனையையே கைவிடுங்கள். டர்பனில் இது பெரிய விஷயம். பெரியா மேட்டின் செம்மணலில் நீர் வேகமாக இறங்கும், ஆனால் ஒரே இடத்தில் குவித்துவிட்டால் அதே மணல் கரைந்து பள்ளமாக அரித்துக்கொண்டு போகும். அந்த மேட்டில் இருக்கும் ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் வேலை செய்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். வெஸ்ட்வில் பக்கம் மணற்பாறை, மேலே மெல்லிய மண், நீர் கொஞ்சம் இறங்கிப் பாறையில் முட்டிப் பக்கவாட்டில் கசியும். கீழே ஒரு தாங்குசுவர் இருந்தால் அதன் பின்னால் போய்ச் சேரும். சரிவுக்கு மேலே எதையும் உறிஞ்ச வைப்பதற்கு முன் மண் பொறியியல் ஆசிரியரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

மண் சோதனை எளிது. 30 செண்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி, தோட்டத்தின் அடிமட்டம் வரப்போகும் ஆழத்திலிருந்து தோண்ட வேண்டும். நீர் நிரப்பி முழுக்க வடியவிடுங்கள், மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். மணிக்கு 13 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் அடியில் துளையிட்ட குழாய் வைத்துப் பழைய வடிகாலோடு இணைக்க வேண்டும். ஒரே குழியை நம்பாதீர்கள், மூன்று இடங்களில் செய்யுங்கள். வளாகங்களில் கட்டட இடிபாட்டைப் போட்டு மூடிய இடங்கள் அதிகம்.

கணக்கு

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். இது மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் பெருக்கல்தான்.

1200 சதுர மீட்டர் தார் போட்ட கார் நிறுத்துமிடம் என்று வைத்துக்கொள்வோம். தாரில் விழும் மழையில் பத்தில் ஒன்பது பங்கு ஓடிவிடும், அதாவது ஓட்டக் குணகம் 0.9. அடிக்கடி வரும் 25 மில்லிமீட்டர் மழையைப் பிடிக்க நினைத்தால் 1200 பெருக்கல் 25 பெருக்கல் 0.9, மொத்தம் 27,000 லிட்டர், 27 கன மீட்டர்.

மழைத்தோட்டத்தின் மேல் 20 செண்டிமீட்டர் நீர் நிற்கலாம். அடியில் 60 செண்டிமீட்டர் மணல்கலந்த மண், அதில் நீர் புகுவதற்கான இடைவெளி ஐந்தில் ஒரு பங்கு என்றால் 12 செண்டிமீட்டருக்குச் சமம். ஆக ஒவ்வொரு சதுர மீட்டரும் 0.32 கன மீட்டர் பிடிக்கும். 27ஐ 0.32ஆல் வகுத்தால் ஏறக்குறைய 84 சதுர மீட்டர். கார் நிறுத்துமிடத்தின் பரப்பில் நூற்றுக்கு ஏழு. பொதுவாக இது ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில் வரும், மிக வேறாக வந்தால் கணக்கை மறுபடி பாருங்கள்.

அடுத்தது வேகம். பாயும் அளவுக்கு எளிய சூத்திரம்: குணகம், மணிக்கு மழை மில்லிமீட்டரில், பரப்பு சதுர மீட்டரில், மூன்றையும் பெருக்கி 3600ஆல் வகுத்தால் விநாடிக்கு இத்தனை லிட்டர் என்று கிடைக்கும். குறுகிய நேரம் மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் பெய்தால் இதே கார் நிறுத்துமிடத்திலிருந்து விநாடிக்கு 30 லிட்டர். உள்ளே வரும் வாயும், வழிந்து வெளியேறும் வாயும் இதைத் தாங்க வேண்டும். உங்கள் இடத்துக்கான மழை வேகத்தைக் கையால் ஊகிக்காதீர்கள். ஸ்மிதர்ஸ், ஷூல்சே இருவரின் தென்னாப்பிரிக்க வடிவமைப்பு மழை மென்பொருள் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, எத்தனை நிமிடத்தில், எவ்வளவு என்று தரும். பெரிய பரப்புக்கு எஸ்டபிள்யூஎம்எம் என்ற இலவச மென்பொருளில் மழைநீர் ஓட்டத்தை மாதிரியாக்கிப் பார்க்கலாம், ஆனால் முதலில் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

இப்போது 2022 ஏப்ரலுக்கு வருவோம். 300 மில்லிமீட்டர் மழைக்கு அதே 1200 சதுர மீட்டரிலிருந்து 324,000 லிட்டர் வரும். நம் தோட்டம் பிடிப்பது 27,000. பன்னிரண்டில் ஒரு பங்கு. அன்றைக்கு அது சீக்கிரமே நிரம்பியிருக்கும். அதனால்தான் கீழே இருப்பவர்களுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள் என்றேன். மழைத்தோட்டம் செய்வது வேறு வேலை. ஆண்டு முழுதும் வரும் சிறு, நடுத்தர மழைகள்தான் ஆற்றங்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கின்றன, குப்பையையும் எண்ணெயையும் இறக்குகின்றன. அந்த மழைகளை நம் மேட்டிலேயே நிறுத்த முடியும். பெருமழைக்கு நாம் செய்ய வேண்டியது, நிரம்பி வழியும் நீருக்கு ஒரு பாதுகாப்பான வழி விடுவது. தோட்டம் அடைத்துக்கொண்டால் நீர் எந்தப் பக்கம் பாயும் என்று ஒரு அம்புக்குறி உங்கள் வரைபடத்தில் இருந்தே ஆக வேண்டும். அந்த அம்பு ஒரு வகுப்பறை வாசலையோ தாங்குசுவரையோ நோக்கிப் போனால் வடிவமைப்பு முடியவில்லை.

எதைத் தேர்வது

மழைத்தோட்டம் தவிர வேறு கருவிகளும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே திட்டத்தில் திணிக்காதீர்கள்.

சாலையோரம் புல் வாய்க்கால் போடலாம், மலிவு, புல்வெட்டும் வண்டியே பராமரித்துவிடும். சரிவில் என்றால் குறுக்கே கல் தடுப்புகள் வைத்துப் படிப்படியாக இறக்க வேண்டும், வரப்பு கட்டிய வயலைப்போல. நீர் உறிஞ்சும் கல் தளம் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் சரிவு நூற்றுக்கு ஐந்தைத் தாண்டினால் பயன் குறைவு. மேலேயிருந்து செம்மண் வந்து விழும் இடமாக இருந்தால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். டர்பன் வளாகங்களில் நான் அதைக் கடைசியில்தான் யோசிப்பேன். பசுங்கூரைக்கு டர்பன் மாநகராட்சியே தன் கட்டடம் ஒன்றில் முன்னோடித் திட்டம் செய்து காட்டியிருக்கிறது. மாணவர்களுக்கு அது கடினம், ஈரமண்ணின் எடையைக் கூரை தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்துப் போட வேண்டும்.

கூரை நீரைச் சேர்க்கும் பிளாஸ்டிக் தொட்டியான ஜோஜோ டேங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா அணியும் முதலில் அதைத்தான் வரைகிறது. 600 சதுர மீட்டர் கூரைக்கு 5000 லிட்டர் டேங்க் வைத்தால் ஒன்பது மில்லிமீட்டர் சொச்சம் மழையிலேயே நிரம்பிவிடும். நிரம்பிய டேங்க் அடுத்த மழைக்கு ஒரு சொட்டும் பிடிக்காது. தண்ணீர் சேமிப்புக்கு நிரம்பிய டேங்க் வேண்டும், வெள்ளத்தைக் குறைக்கக் காலி டேங்க் வேண்டும். இரண்டையும் சேர்க்க ஒரு வழி, கழிப்பறைத் தொட்டிகளோடு இணைத்துத் தினமும் செலவாகும்படி செய்வது. இன்னொரு வழி, டேங்கின் பாதி உயரத்தில் ஒரு சிறு துளைக்குழாய் வைத்து மேல்பாதி நீர் ஓரிரண்டு நாளில் மெல்ல மழைத்தோட்டத்துக்கு வடியும்படி விடுவது. கீழ்ப்பாதி பயன்பாட்டுக்கு, மேல்பாதி மழைக்கு. குடிக்க அந்த நீரைக் கொடுக்காதீர்கள், குழாயில் அறிவிப்பு எழுதி வையுங்கள்.

தோண்டுவதும் நடுவதும்

விளிம்புக்கல்லில் அரை மீட்டர் அகலத்துக்கு வெட்டி நீர் நுழைய வாய் விடுங்கள். வாய்க்கு உள்ளே தரை ஐந்து முதல் ஏழு செண்டிமீட்டர் இறங்கியிருக்க வேண்டும். இது இல்லாவிட்டால் முதல் ஆண்டிலேயே புல்லும் மண்ணும் சேர்ந்து வாயை அடைத்துவிடும், நீர் பக்கத்தில் நேரே ஓடிவிடும். நன்றாக வரைந்த திட்டங்களும் இந்தச் சின்ன இறக்கத்தை மறந்து வீணாகும். வாயின் கீழே கற்படுகை போடுங்கள். வேகம் தணியும், குப்பையும் மண்ணும் அங்கேயே தங்கும், மண்வெட்டியால் அள்ளுவதும் எளிது.

நிரப்பும் மண்ணில் பெரும்பங்கு மணல், கொஞ்சம் மக்கிய உரம், கொஞ்சம் மேல்மண். களிமண் மிகக் குறைவாக இருக்கட்டும். தோட்டத்துக்குள் இயந்திரம் ஏறக்கூடாது, மிதித்து இறுகிய மண் நீரை உறிஞ்சாது. அடியில் சரளைக்கல் போட்டால் மண்ணுக்கும் கல்லுக்கும் நடுவே துணி விரிக்காதீர்கள், அது அடைத்துக்கொள்ளும். பொடிக்கல் ஒரு அடுக்கு போதும். மேலே மரத்தூள் போட்டால் மிதந்து வழிவாயை அடைக்கும், அதனால் கூழாங்கல்லே நல்லது. வழிவாய் கம்பிமூடியின் மட்டம், படுகைக்கு மேல் 20 செண்டிமீட்டர், சாலை மட்டத்துக்குக் கீழே. மட்டக்கருவி வைத்து அளந்து கட்டுங்கள். கண்ணளவு போதாது.

நின்ற நீர் ஒரு நாளில், மிஞ்சினால் இரண்டு நாளில் வடிந்துவிட வேண்டும். கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், ஆகவே நன்றாக வடியும் தோட்டத்தில் கொசு பெருகாது. இந்தக் கேள்வி எல்லாக் கூட்டத்திலும் வரும், பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

செடி விஷயத்தில் இந்த மண்ணின் செடிகளையே தேடுங்கள். சில நாள் மூழ்கியும், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காய்ந்தும் தாங்க வேண்டும். படுகையின் ஈரமான நடுவில் ஜுன்கஸ் கோரை, ஆரம் லில்லி. ஓரத்தில் காட்டு ஐரிஸ் எனப்படும் டயட்டீஸ், அகபாந்தஸ். பாப்பிரஸ் இங்கேயே விளையும், ஆனால் சிறு தோட்டத்தை முழுக்க விழுங்கிவிடும். மரம் வைக்க இடம் இருந்தால் உம்டோனி நடுங்கள். நம் நாவல் மரத்தின் நெருங்கிய உறவு அது, ஈரநிலத்தில் நன்றாக வளரும், பழத்துக்குப் பறவைகள் வரும். உண்ணிச்செடியும் ஆகாயத்தாமரையும் இந்த நாட்டுச் சட்டப்படி கட்டுப்படுத்த வேண்டிய அயல் இனங்கள், இடத்தில் ஏற்கெனவே உண்ணிச்செடி இருந்தால் வேரோடு எடுங்கள். எந்தச் செடியையும் வாங்குமுன் அயல் இனப் பட்டியலோடு சரிபாருங்கள், பாட்டி வீட்டுத் தோட்டத்தில் இருக்கிறது என்பது போதாது.

நெருக்கமாக நடுங்கள், சதுர மீட்டருக்கு ஐந்தாறு செடி. இடைவெளி விட்டால் களை பிடித்துக்கொள்ளும். ஆகஸ்டில் நட்டால் மழை பிடிக்கும்வரை தண்ணீர் ஊற்ற ஆள் பட்டியல் வேண்டும்.

சமர்ப்பிக்கும்போது

ஏ1 அளவில் இரண்டு பலகைகள் போதும். ஒன்றில் நீர்ப்பாதை: கூரையிலிருந்து ஆறுவரை, கீழே இருக்கும் குடியிருப்புகள் உட்பட. இன்னொன்றில் தோட்டத்தின் வெட்டுப் படம், அளவுகளோடு. முன்னும் பின்னும் பாயும் அளவைக் காட்டும் ஒரு கோட்டுப்படம். செலவுக் கணக்கில் கட்டும் செலவோடு ஐந்தாண்டுப் பராமரிப்பையும் போடுங்கள். அதைப் போடாத திட்டத்தை எந்த அலுவலகமும் ஏற்கத் தயங்கும், அது சரியும்கூட.

இதோடு பராமரிப்புத் தாள் ஒன்று, ஒரே பக்கம், ஜூலுவிலும் ஆங்கிலத்திலும். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் வாயில் உள்ள குப்பையை எடுப்பது, செப்டம்பரில் கற்படுகையை அள்ளுவது, முதல் ஆண்டு மாதம் இருமுறை களை, இரண்டு நாளுக்கு மேல் நீர் நின்றால் யாரை அழைப்பது. முன்பு வரைபடத்தில் குறித்துக் கொடுத்த பாபாவிடமே இதைப் படித்துக் காட்டித் திருத்துங்கள்.

கட்டிய பிறகு

ஒரு மழைமானியும், தோட்டத்துக்குள் நட்ட ஒரு அளவுகோலும் வையுங்கள். எத்தனை மில்லிமீட்டர் மழைக்கு எவ்வளவு நீர் நின்றது, எத்தனை மணி நேரத்தில் வடிந்தது, வழிவாயைத் தாண்டியதா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். 25 மில்லிமீட்டருக்குக் குறைவான மழையிலேயே வழிந்தால் நீர் வரும் பரப்பு நீங்கள் நினைத்ததைவிடப் பெரியது, அல்லது மண் அடைத்திருக்கிறது. குழி தோண்டி மறுபடி சோதியுங்கள். ஒருபோதும் நிரம்பாவிட்டால் உள்வாயைப் பாருங்கள், நீர் உள்ளே வராமலேயே போய்க்கொண்டிருக்கலாம்.

நவம்பரில் ஆண்டு முடியும்போது அந்த நோட்டு, கட்டி முடித்த பிறகு எடுத்த உண்மையான அளவுகள், நிலத்தடிக் குழாய் வரைபடம், செடிப்பட்டியல், பராமரிப்புத் தாள், அலுவலகத்தில் பேச வேண்டியவர் எந்தப் பிரிவில் இருக்கிறார் என்ற குறிப்பு, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்து, பிப்ரவரியில் வரும் அணிக்குக் கொடுத்துவிடுங்கள். ஒரு பிரதி சொத்து மேலாண்மை அலுவலகத்தில் இருக்கட்டும்.